வெயில் ஊரில் கம்பளி நூல்

கூட்டாளி,

இன்று காலை மருமகள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் பழைய நீல மப்ளர் அகப்பட்டிருக்கிறது. துவைத்து வாசல் கொடியில் போட்டுவிட்டாள். வெயிலில் அது காயக் காய ஈரக் கம்பளியின் வாசனை கூடம் வரைக்கும் வந்தது. மழையில் நனைந்த ஆட்டின் வாசனை. படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"இந்த ஊர்ல இதை எப்ப மாமா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு நாளும் போட்டதில்லம்மா."

அவள் சிரித்தாள். உன் கதையை எங்கே தொடங்கி அவளுக்குச் சொல்வதென்று தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நாம் இருவரும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகள். டவுனுக்கு வந்து ஒரே பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ டிரைவர், நான் கண்டக்டர். கடலோரத்து உஜோங் பாசிர் வரைக்கும் போய்த் திரும்புவோம். உன்னைப் போல அவசரக்காரனை நான் பார்த்ததில்லை. கிழவி ஒருத்தி கூடையோடு ஏறுவதற்குள் உன் கை ஹாரனில் இருக்கும். பஸ் நின்றாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு சிகரெட் அணைவதற்குள் அடுத்தது. "உக்காந்தா எனக்கு உடம்பு அரிக்குதுலா" என்பாய்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறதென்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மத்தியானம் பஸ்ஸை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு இருமினாய். கைக்குட்டையில் ரத்தம். காசநோய் என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். உன் மனைவி அஞ்சலைக்கு அப்போது நிறைமாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வராந்தாவில் நின்றபடியே உன்னைப் பார்ப்பேன். கிட்டே வர விடமாட்டார்கள். மகள் பிறந்த சேதியைக்கூட ஜன்னலுக்கு வெளியிலிருந்து கத்தித்தான் சொன்னேன். குழந்தைகளை வார்டுக்குள் விடுவதில்லை என்பதால் நீ அவளைப் பார்க்கவே முடியவில்லை. அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன மருந்து. உனக்கு அதுதான் நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. தலையணையை எறிந்தாய். நர்ஸ் மிஸ்ஸிகளைத் திட்டினாய். ஓடிவிடப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாய். நீ செய்யக்கூடியவன் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் பாதி வழி அந்தப் பயத்தோடுதான் திரும்புவேன்.

அப்போதுதான் ஒரு சீன மிஸ்ஸி உன் மடியில் இரண்டு பின்னல் ஊசியையும் ஒரு நூல் உருண்டையையும் வைத்தாள். அடுத்த ஞாயிறு அதைச் சொல்லி நீ குதித்தாய். "பஸ் ஓட்டுன கையிலா, பொம்பள ஊசியைக் குடுக்கிறா!"

அதற்குப் பிந்திய ஒரு ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வந்து நின்றது உனக்குத் தெரியவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ஊசியில் கண்ணிகளை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாய். உதடு மட்டும் மெல்ல அசைந்தது. கால் ஆடவில்லை. என் வாழ்க்கையில் அன்றுதான் உன் கால் ஆடாமல் இருந்து பார்த்தேன். கூப்பிட மனம் வராமல் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றேன். நீ பின்னியிருந்ததோ ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், நடுவில் ஓட்டை. துடைக்கக்கூட உதவாது. நீ அதைத் தூக்கிக் காட்டிச் சிரித்தபோது, இனி ஓட மாட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

சுதந்திரம் வந்த அன்று நீ வார்டில் ரேடியோ கேட்டுக்கொண்டே பின்னினாயாம். நீ வீடு திரும்பியபோது புதுக் கொடிகள் சாயம் வெளுக்கத் தொடங்கியிருந்தன. சளியில் இனிக் கிருமி இல்லை, பயப்படாமல் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பஸ் ஓட்டக் கூடாதென்றுவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் வண்டி போகிற வருகிற நேரம் பார்க்கும் வேலை கிடைத்தது. அதையெல்லாம் நீ தாங்கிக்கொண்டாய். உன் மகள் மல்லிகா உன்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுது அஞ்சலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாளே, அதுதான் உன்னை உடைத்துவிட்டது. நடக்கத் தொடங்கிய பிள்ளை. அவளுக்கு நீ யாரோ.

அஞ்சலை அவளை உன் மடியில் திணிக்கப் பார்த்தாள். "அப்பாதான்டி, அப்பாகிட்ட போ" என்று கெஞ்சினாள். பிள்ளை இன்னும் கத்தியது.

"விடு அஞ்சல. இழுக்காத. அவளா வரட்டும்" என்றாய். அவசரக்காரன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்!

வேலை முடிந்து வந்ததும் வாசலில் நாற்காலி போட்டுப் பின்ன உட்காருவாய். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். நம்மோடு வேலை செய்த ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "என்னலா, பிள்ளைப்பேறு உனக்கா?" என்று கேட்டான். நீ தலையைத் தூக்காமலே, "உன் வாய்க்கு ஒரு உறை பின்னுறேன்லா. கிட்ட வா, அளவெடுக்கணும்" என்றாய். அதற்குப் பிறகு அவன் அந்த வழியில் சைக்கிளை நிறுத்தவில்லை.

நூல் உருண்டை உன் காலடியில் கிடந்து உருளும். மல்லிகாவின் கண் அதன்மேல்தான். முதலில் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு படி வரைக்கும் வந்தாள். ஒரு நாள் உருண்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நூல் உன் ஊசியிலிருந்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. நீ மெதுவாக ஒரு இழு இழுத்தாய். உள்ளிருந்து அவளும் ஒரு இழு இழுத்தாள். பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை எப்படி எழுதுவது?

ஒரு சாயங்காலம் அவளாகவே வந்து, உருண்டையை அணைத்துக்கொண்டு உன் முழங்காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். நீ அவளைத் தொடவில்லை, குனிந்து பார்க்கவுமில்லை. பின்னிக்கொண்டே இருந்தாய். கண்ணிகள் நழுவியதை நான் பார்த்தேன். தப்பு வந்தால் முழுசையும் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவன் நீ. பிரிக்கலையா என்று கேட்டதற்கு, "இது கிடக்கட்டும்லா" என்றாய்.

நீ இல்லாத பஸ்ஸில் எனக்கு வேலை கசந்திருந்தது. புது டிரைவரோடு சண்டை, வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளிடம் எரிச்சல். "எனக்கும் காட்டுலா" என்று ஒரு நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்க உனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்ள எனக்குப் பொறுமையில்லை. ஆனாலும் ஒரு வரிசை வந்தது, அப்புறம் இன்னொன்று. தலைக்குள் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த பஸ் மணி எப்போது நின்றதென்று எனக்கே தெரியவில்லை.

"இந்த வெயிலுக்கு எதுக்குலா கம்பளி?" என்று அன்று கேட்டேன்.

"போடவா பின்னுறேன்? பின்னத்தானே பின்னுறேன்" என்றாய்.

அப்படித்தான் ஒரே நூலை ஓராண்டுக்குப் பின்னிப் பிரித்தோம். பையாக இருந்தது தொப்பியானது, தொப்பி மேசை விரிப்பானது, கடைசியில் இந்த நீல மப்ளராகி என்னிடம் நின்றுவிட்டது. மாலையில் பூ வாங்கிக்கொண்டு போகும், தமிழ் மறந்து மலாயே பேச்சாகிப்போன செட்டி வீட்டு அம்மா, நம்மைப் பார்த்ததும் "ராஜின்யா!" என்று மலாயில் நம் உழைப்பை மெச்சிவிட்டுப் போவாள். இரண்டு சோம்பேறிகளும் தலையை ஆட்டிக்கொள்வோம்.

நீ நிறைய வருஷம் இருந்தாய். மகள் கல்யாணத்தைப் பார்த்தாய், பேரப்பிள்ளையைத் தூக்கினாய். மறுபடி பஸ் ஓட்டவே இல்லை. அதற்காக ஒரு நாளும் ஏங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு காலையில் பசியாறிவிட்டுக் கண்ணயர்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

உன் கருமாதி முடிந்த அன்று மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, நீங்களும் அப்பாவும் தினமும் அவ்வளவு நேரம் என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன்.

"ஒன்னும் பேச மாட்டோம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நாள் முழுக்க டிக்கெட், டிக்கெட் என்று கத்தியே பழகியவன் நான். எதிரில் ஒரு ஆள் இருந்தால் அப்போதெல்லாம் வாயை மூடத் தெரியாது. இப்போது மாலையில் என் மனைவியோடு வாசலில் உட்காருகிறேன். அவள் முறத்தில் கீரை ஆய்வாள், நான் பின்னுவேன். இருட்டும்வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். விளக்கைப் போட எழுந்திருக்கும்போது அவள் சொல்வாள், "இன்னிக்கு நல்லா பேசிக்கிட்டு இருந்தோம், இல்ல?"

ஆமாம் என்பேன்.