மூன்றாவது டேபிளில் இருக்கும் அக்காவுக்கு

எப்போதும் எனக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும் என் அக்காவுக்கு,

நடக்கவே நடக்காது என்று நீ சொன்னது நடந்துவிட்டது. நம் பல்கலைக்கழகத்தின் இரண்டு மருத்துவக் கல்லூரிகளையும் ஒன்றாக்கிவிட்டார்கள். உன் பழைய கல்லூரிக்கும் என் புதிய கல்லூரிக்கும் இப்போது ஒரே பெயர், ஒரே கேட், ஒரே கேன்டீன். அனாடமிக்கும் ஒரே துறை, ஒரே தலைவர். அந்தத் தலைவர் நான்தான். கேட்கிறதா?

நீ டாக்டருக்குப் படித்தாய் என்று நானும் படித்தேன். நீ அனாடமி எடுத்தாய் என்று நானும் எடுத்தேன். எனக்குப் பிடித்தது குழந்தை மருத்துவம் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். சாம்பியன் ரீப்ஸ் வீட்டில் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்ததும், "பெரியவ இன்னா மார்க்கு?" என்றுதான் கேட்பார். என் மார்க்குக்கு வருவதற்குள் தூங்கிவிடுவார். பிறகு வேலைக்குப் போகும் ரயிலிலும் ஜன்னல் சீட்டு உனக்குத்தான். ஒரு நாளாவது நகர்ந்து உட்கார்ந்தாயா?

அதனால் தலைவர் நாற்காலி கிடைத்த அன்று எனக்குக் கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோஷம். ராபர்ட்சன்பேட்டையில் இறங்கிப் பிரியாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அது இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. என் கல்லூரியில் நான் வெறும் மேடம். உன் ஆட்களுக்கோ மேடம் என்றால் நீ. ஆகவே எனக்குச் 'சின்ன மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தலை நரைத்து, துறைத் தலைவரும் ஆன பிறகு நான் சின்ன மேடம்!

கல்லூரிகள் ஒன்றானதே தவிர, மனிதர்கள் ஆகவில்லை. உன் ஆட்கள் ஒரு மூலையில் டீ குடித்தார்கள், என் ஆட்கள் இன்னொரு மூலையில். தனித்தனியாகச் சேர்ந்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டில் வேறு வேறு பேட்ஜோடு ஒரே வகுப்பில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மீட்டிங் போட்டேன், சிரித்துப் பேசினேன், திட்டியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

நீ உன் உடலை உன் கல்லூரிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தபோது, உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அது வேறு கல்லூரி. பிள்ளைகள் அறுத்துப் படிக்கும் அந்தக் கோலத்தில் உன்னை நான் பார்க்க வேண்டி வராது. இரண்டு டிசெக்‌ஷன் ஹாலையும் ஒன்றாக்குவார்கள் என்று யார் கண்டது?

முதல் வகுப்பன்று உன் அட்டெண்டர் செல்வம் வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"சின்ன மேடம், மூணாவது டேபிள்ல நம்ம மேடம் இருக்காங்க. இன்னா பண்றது? வேற ரூமுக்கு மாத்திடட்டுங்களா?"

மாற்றச் சொல்லத்தான் வாய் எடுத்தேன். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வந்தது பொறாமை. தலைவராக என் முதல் வகுப்பு, அதிலும் நீயா? பிறகு துணிக்கு வெளியே உன் விரல்களைப் பார்த்தேன். அப்பாவின் அதே நீள விரல்கள், எனக்கு வராத விரல்கள்.

"வேணாம் செல்வம். இங்கேயே இருக்கட்டும்."

உடல் தந்தவர்களை மதிப்போம் என்று பிள்ளைகள் முதல் நாள் எடுக்கும் உறுதிமொழியை நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். "இவர்களே எங்கள் முதல் ஆசிரியர்கள்" என்றேன். பிள்ளைகள் உன் முன்னால் தலைகுனிந்து திருப்பிச் சொன்னார்கள். இத்தனை வருடமாகச் சொல்லும் வரிதான், அன்றைக்குச் சுருக்கென்றது. என் வாயாலேயே உனக்கு முதலிடம் வாங்கிக் கொடுத்தேன்.

அதோடு விட்டாயா? இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், அக்குளிலிருந்து கைக்கு இறங்கும் நரம்புப் பின்னலைக் கண்டுபிடிக்க முடியாமல் எல்லா டேபிளிலும் பிள்ளைகள் திணறிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது டேபிளில் இருந்து நம் ஊர்ப் பெண் ஒருத்தி கத்தினாள்: "மேம், அப்படியே புக்ல போட்ட மாதிரி இருக்கு மேம்! ஏய், நீங்களும் வாங்கப்பா, எல்லாரும் வந்து பாருங்க!"

வந்தார்கள். இரண்டு பேட்ஜும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உன்னைச் சுற்றி நின்றன. எட்டிப் பார்க்க முடியாத ஒருவனுக்கு மற்றக் கல்லூரிப் பையன் தன் ஸ்டூலைத் தள்ளிக் கொடுத்தான். நான் மாதக்கணக்கில் கெஞ்சியும் நடக்காததை நீ படுத்துக்கொண்டே முடித்துவிட்டாய். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. நேரே என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ செத்த அன்றுகூட அப்படி அழவில்லை, அக்கா.

வருடம் முடியப் போகிறது. நீ யார் என்று பிள்ளைகளிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைக் கல்லூரி மலரில் போடப்போகிறேன், படித்துத் தெரிந்துகொள்ளட்டும். நானும் என் உடலை எழுதிக் கொடுத்துவிட்டேன். இதுவும் உன்னைப் பார்த்துத்தான், வேறென்ன.

பாடம் முடிந்து தகனம் ஆனதும் உன் சாம்பலை நானே வாங்கிக்கொள்வேன். பங்காருபேட்டை வழியாக, நாம் போய் வந்த அதே ரயிலில் உன்னைச் சாம்பியன் ரீப்ஸுக்குக் கூட்டி வருவேன். நீ போனதிலிருந்து ஜன்னல் சீட்டில் நான்தான் உட்கார்ந்து வருகிறேன். அன்றைக்கு மட்டும் நகர்ந்துகொள்கிறேன்.

உன் தங்கச்சி,
சின்ன மேடம்