நான் உட்கார்ந்தால் நிற்கும் மிஷின்

6 ஜூலை 1998, திங்கள்

இன்றும் காலையில் மிஷின் நின்றுவிட்டது. களக்காட்டுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர்கள் வரை அடித்திருந்தேன். அம்புக்குறி அசையவில்லை. எதை அமுக்கினாலும் ஒன்றுமில்லை. அணைத்துப் போட்டேன். அடித்ததெல்லாம் போய்விட்டது. களக்காட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டே, "ஆச்சா தாயி, ஆச்சா தாயி" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தச்சநல்லூரில் கொம்பையா அண்ணாச்சியின் பத்திரிகை அடிக்கிற கடையில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆரம்பித்தது தை மாதம். முன்பு அடித்துக்கொண்டிருந்த அவருடைய அக்காள் மகன் சென்னைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தான். அதற்கு முன்னால், ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து, அம்மாவோடு வீட்டில் பீடி சுற்றினேன். இப்போது என் விரலில் புகையிலை வாடை இல்லை. தூங்கும் முன் முகர்ந்து பார்க்கிறேன். இதை யாரிடம் சொல்ல? இங்கேதான் எழுத முடியும்.

9 ஜூலை

சாயங்காலம் ஆனால் மூன்று பேர் கடைக்கு வந்துவிடுவார்கள். வைத்தீஸ்வரன் சார் டவுனில் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்கிறவர். மேலப்பாளையம் நூகு அண்ணன் டிவி ரிப்பேர் பார்க்கிறவர். தாணுமாலையன் காலேஜில் கடைசி வருடம். கடையில் அவர்களுக்கு வேலை எதுவும் கிடையாது. மிஷினைப் பற்றிப் பேசத்தான் வருவது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு பத்திரிகைகளை மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

இன்று நூகு அண்ணன் சொன்னார்: "கீபோர்டு வயரு கழண்டு கெடக்கு. அதுவே சொல்லுது, கீபோர்டக் காணோம்னு. சொல்லிட்டு, மேல போக ஒரு பொத்தான அமுக்குங்குது. எதுல வே அமுக்க?"

தாணுமாலையன் சொன்னான், உள்ளே இருக்கிற சின்ன பேட்டரி செத்துப்போனால் மிஷின் தேதியை மறந்து 1980 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடுமாம். அன்று நான் பிறக்கவே இல்லை. மிஷினுக்கு நினைவு தப்பினால் நான் இல்லாத நாளுக்குப் போய்விடும் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. பத்திரிகைக் கட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஒரு நாளில் எனக்குப் பிடித்த நேரம் இதுதான்.

அப்போது அண்ணாச்சி, "ஒங்க கத கெடக்கட்டும் வே. இந்தப் பிள்ள உக்காந்தா மட்டும் மிஷினு ஏன் நிக்குது? அதச் சொல்லுங்க" என்றார். மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

வைத்தி சார், "வைரஸ்" என்றார். தாணுமாலையன், "ரேம் பத்தாது." நூகு அண்ணன், "சூடு. ஒரு டேபிள் ஃபேன வையுங்க."

கடை அடைக்கும் வரைக்கும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தார்கள். நிற்கவில்லை.

14 ஜூலை

சொல்லியிருக்கக் கூடாது.

முழங்கை மிஷின் பெட்டியில் பட்டால் சுருக்கென்று இழுக்கிறது. இழுத்தால் சில நேரம் திரையும் நின்றுவிடுகிறது. இதைச் சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். சாயங்காலம், அவர்கள் பேச்சு ஓய்ந்த இடத்தில் சொல்லியும் விட்டேன்.

தாணுமாலையன், "ஷாக் அடிச்சா நீ இங்கனயா நிப்ப? தெப்பக்குளத்துல போய்லா விழுந்திருப்ப" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நூகு அண்ணன் மட்டும் எழுந்து வந்து பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். "ஒண்ணுங் கெடையாதே பிள்ள."

வைத்தி சார், "அது ஸ்டேட்டிக். நைலக்ஸ் தாவணி ஒரசுதுல்லா, அதுல வரும்" என்றார்.

எல்லோரும் என் தாவணியைப் பார்த்தார்கள். அண்ணாச்சியும். பத்திரிகைக் கட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

20 ஜூலை

நூல் தாவணிதான் உடுத்திப் போகிறேன். வளையலையும் கழற்றிவிட்டேன். அப்படியும் மிஷின் நிற்கிறது.

3 ஆகஸ்ட், திங்கள்

நேற்று வைத்தி சார் பெட்டியைத் திறந்து பார்த்தாராம். உள்ளே பஞ்சு மாதிரி தூசி. "இதுதான் வே காரணம். கம்ப்யூட்டருக்கு எமன் தூசிதான்" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று காலையில் அண்ணாச்சி, "ஏளா நாயகி, தரைய ஒரு மட்டம் தொடச்சாப் பத்தாது. ரெண்டு மட்டம் தொட. மேசைக்கு அடியில நல்லாத் தண்ணி விட்டுத் தொட" என்றார். கடையைக் கூட்டித் துடைத்து வாசலில் கோலம் போட்ட பிறகுதான் நான் மிஷினைத் திறக்க வேண்டும். முதல் நாளிலிருந்து அப்படித்தான். இனி இரண்டு தடவை. தரை காய்வதற்குள் ஆட்கள் வந்துவிடுகிறார்கள். செருப்பு வாசலோடு சரி. மிஷின் இருக்கிற இடம் சாமி இருக்கிற இடம் மாதிரி. ஈரத்திலேயே காலை வைத்து உட்கார்ந்தேன்.

மத்தியானத்துக்குள் மூன்று தடவை நின்றது. சுருக்கென்று இழுப்பதும் கூடியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் என்னத்தைக் கழற்றச் சொல்வார்களோ.

14 ஆகஸ்ட், வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. அண்ணாச்சி வீட்டுக்காரி கடைக்கு வந்து சாம்பிராணி போட்டாள். திரைக்கு மேல் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை மிஷினைச் சுற்றி வாசலில் நசுக்கினாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குத் தூரமான நாள்லயும் வந்து இதத் தொடுதியோ?" என்று கேட்டாள்.

எப்படிச் சொல்ல? லீவு கேட்டால் எதற்கு என்று அண்ணாச்சி கேட்பாரே என்று வந்துகொண்டுதான் இருந்தேன்.

"அதான் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் அதைப் புருஷனிடம் சொல்லாமலா இருப்பாள்? அவர் அந்த மூன்று பேரிடம்?

15 ஆகஸ்ட்

கடை லீவு. அம்மாவோடு உட்கார்ந்து சும்மா நாலு இலை வெட்டினேன். விரலில் அந்த வாடை.

8 செப்டம்பர்

பரீட்சை மாதிரி வைத்தார்கள். எனக்கா மிஷினுக்கா தெரியவில்லை.

காலையில் இரண்டு தடவை நின்றதும் அண்ணாச்சி என்னை எழுப்பிவிட்டார். மத்தியானம் தாணுமாலையன் காலேஜுக்குப் போகாமல் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தான். சாயங்காலம் வரை அடித்தான். தப்புத் தப்பாக அடித்தான், ஆனால் மிஷின் நிற்கவே இல்லை. நான் மூலையில் நின்றுகொண்டே இருந்தேன். நில்லு, ஒரு தடவை நில்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அவ்வளவு கெட்ட புத்தி.

அவன் எழுந்து சோம்பல் முறித்துவிட்டு, "அண்ணாச்சி, சில பேரு ஒடம்புல கரண்டு சாஸ்தியாம். ஒரு பத்திரிகையில போட்டிருந்தான். அவங்க வாட்ச் கட்டினாக்கூட ஓடாதாம்" என்றான். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"கைராசின்னு நம்ம பெரியவங்க சொன்னா நம்பமாட்டிய. இங்கிலீசுல போட்டா நம்புவிய" என்றார்.

நூகு அண்ணன், "இருக்கட்டும் அண்ணாச்சி, பாவம் சின்னப் பிள்ள. நான் ஒருநா காலையில வந்து பாக்கேன்" என்றார். அவருக்குக் காலையில் கடை இருக்கிறது. வரவில்லை.

29 செப்டம்பர், செவ்வாய்

"நாளைக்கு ஆயுத பூஜைக்கு வந்து பொரி வாங்கிட்டுப் போளா. பொறவு வர வேண்டாம்" என்றார் அண்ணாச்சி.

திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "ஒன்னக் கொற சொல்லல. நல்லாத்தான் அடிக்க. ஒரு எழுத்து பெசகாது. ஆனா சில பேருக்குச் சில தொழில் ஒட்டாது, என்ன செய்ய?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். தலையைத்தான் ஆட்டினேன்! வாயில ஒரு சொல்லு வரல. காலையில மட்டும்தானே நிக்குது அண்ணாச்சி, சாயங்காலம் நானும் உக்காந்து பாக்கட்டுமான்னு கேட்டா என்ன? கேக்கத் தெரியாதா எனக்கு?

பூஜைக்குப் போகப் போவதில்லை.

2 அக்டோபர்

அம்மா தன் பீடித் தட்டை நகர்த்தி இடம் விட்டாள்.

23 அக்டோபர்

தீபாவளி போனது. கடையில் இப்போது கிரேஸ் என்று ஒரு பிள்ளை உட்காருகிறாள். பாளையங்கோட்டைக்காரி. கம்ப்யூட்டர் படித்த சர்டிபிகேட் இருக்கிறதாம். துடைப்பத்தைத் தொடமாட்டேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டாளாம். அதனால் ராத்திரி கடை அடைத்த பிறகு துடைத்துவிட்டுப் போக ஒரு ஆச்சியை வைத்திருக்கிறார்கள்.

மிஷின் நிற்கவே இல்லையாம்.

அம்மா இதை எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அப்படியானால் நான்தானா?

18 நவம்பர்

மூன்று நாளாக மழை. ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போகிறது. இலை நமத்துக் கிடக்கிறது.

சுற்றிய பீடியைக் கம்பெனியில் போட்டுவிட்டு வரும்போது நூகு அண்ணன் சைக்கிளை நிறுத்தினார். குடை இல்லை. தொப்பலாக நனைந்திருந்தார்.

"பிள்ள, ஒன்னத்தான் தேடுதேன். முந்தா நேத்து அண்ணாச்சி கடைக்கு மழையில நனைஞ்சு போனேனா, காலெல்லாம் ஈரம். பெட்டியில கைய வச்சேன். தூக்கி அடிச்சிட்டு. டெஸ்டர வச்சா எரியுது. பிளக்குல மூணாவது ஊசி இருக்கு, சுவத்துக்குள்ள அதுக்கு வயரே கெடையாது. வெறும் ஓட்ட. எர்த்தே இல்லாம ஒன்ர வருசமா ஓடியிருக்கு அது."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே சொன்னார். "காலையில நீ தொடச்ச ஈரத்துல கால வச்சு உக்காருவ. கரண்டு ஒன் வழியாத் தரைக்கு எறங்கும், மிஷினு கொழம்பி நின்னுரும். நாங்க வார நேரம் தரை காஞ்சிரும். எங்களுக்கு எப்படி நிக்கும்? தூசின்னு சொல்லி ஒன்ன இன்னும் தொடைக்க விட்டோம் பாரு. ஒன் உசுருக்கே ஏதாவது ஆயிருந்தா? ரப்பே!"

"அண்ணாச்சிகிட்டச் சொன்னியளா?" என்று கேட்டேன். நானாகக் கேட்டேன்.

நூகு அண்ணன் சைக்கிள் மணியைத் திருகிக்கொண்டே இருந்தார். "சொன்னேன். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு எர்த்தும் குடுத்தாச்சு."

"என்ன சொன்னாவ?"

"அதெல்லாம் சரிதான் வே, ஆனா அந்தப் பிள்ள போன பொறவுதானே சரியாச்சு, அப்படிங்காரு."

மழை பெய்துகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் தெரிந்தவர் கடையில் ஆள் கேட்கிறார்கள், சொல்லி வைக்கிறேன் என்றார். "தச்சநல்லூர் கடைன்னு நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாத."

ஏன் சொல்லக் கூடாது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

19 நவம்பர்

என் கையால் இல்லை. என் கையால் இல்லை. என் கையால் இல்லை.

11 ஜனவரி 1999, திங்கள்

நூகு அண்ணன் சொன்ன பாளையங்கோட்டைக் கடையில் வேலை கிடைத்தது. நாலு மிஷின். ஓனர் ஹரிஹரசுப்பிரமணியன் சார் ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொன்னார், பார்த்தார், "நாளையில இருந்து வாம்மா" என்றார். முன்னால் எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் இருந்தேன் என்றேன். தரையில் பாய் விரித்திருக்கிறது. பேனா விழுந்த மாதிரி குனிந்து பிளக்கைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மா பஸ் ஏற்றிவிட வந்தாள்.

10 பிப்ரவரி

இங்கேயும் சாயங்காலம் ஆட்கள் வருகிறார்கள். இங்கேயும் அதே பேச்சுதான். இன்று பிரிண்டர் சரிபார்க்க வந்த ஒரு பையன் டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"தச்சநல்லூர்ல ஒரு பொம்பளப் பிள்ள இருந்துச்சாம். உக்காந்தாப் போதும், மிஷினு படுத்துருமாம். தாணுமாலையன்னு நம்ம சேக்காளி நேர்ல பாத்திருக்கான். அது உள்ள வந்தாலே டியூப்லைட் சிமிட்டுமாம்லே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓனர் சாரும் சிரித்தார். "பொறவு?"

"பொறவு என்ன, பத்திவிட்டுட்டாவ. அதுக்கப்புறம் மிஷினு பட்டு மாதிரி ஓடுது."

எர்த் இல்லாத கதையை அவனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

ஓனர் சார் என் பக்கம் திரும்பினார். "நீ அந்தப் பக்கம்தானேம்மா? தெரியுமா அந்தப் பிள்ளைய?"

"தெரியாது சார்."

24 பிப்ரவரி

இங்கே எல்லோருடைய மிஷினும் எப்போதாவது நிற்கத்தான் செய்கிறது. பக்கத்து மிஷின்காரி தலையிலடித்துக்கொண்டு, "சவத்து மிஷினு" என்று சத்தமாகத் திட்டிவிட்டு அணைத்துப் போடுவாள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

என்னுடையது இத்தனை நாளும் நிற்கவில்லை. இன்று மத்தியானம் நின்றது. காலடியில் பாய் இருந்தது, ஈரமில்லை, கை சுருக்கென்று இழுக்கவில்லை. சும்மா நின்றது.

அறையில் அன்று சிரித்த ஓனர் சாரும் மற்றவர்களும் இருந்தார்கள். நான் நாற்காலியை முன்னால் இழுத்து, திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு அணைத்துப் போட்டேன். அது பைய எழுந்து வரும் வரைக்கும் வெறும் பொத்தான்களைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அடிக்கிற சத்தம் கேட்க வேண்டும் என்று. பிறகு அழிந்துபோன பக்கத்தைத் திரும்ப அடித்தேன். சாப்பிட எழுந்து போகவில்லை.