அதே வரி மறுபடி வந்தால்

மார்ச் 4
"விடைதான் சரியா இருக்கே சார், வழிமுறை எதுக்கு?" என்று ஒருமுறை வகுப்பில் ஒருத்தி கேட்டாள். "நாளைக்கு நீயே மறந்துட்டா யாரைப் போய்க் கேப்பே?" என்றேன். அன்று முழுக்க எனக்கு என்ன பெருமை! இன்று ஏனோ ஞாபகம் வந்தது.

அது கிடக்கட்டும். அரட்டை நிரலைத் திறந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆறு பேர் பேசிக்கொள்வது. படமில்லை, பொத்தானில்லை, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. எழுதிய கணினி ஆசிரியர் ஊர் மாறிப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டார். எல்லார் வரியும் என் வீட்டுக் கணினி வழியாகத்தான் போகும். ஆகவே நான் வைத்ததுதான் சட்டம்.

மார்ச் 5
நிரலின் நடுவில் ஒரு துண்டு: அதே வரி உடனே மறுபடி வந்தால் விட்டுவிடு. ஏன்? ஒரு குறிப்பும் இல்லை. எந்தப் புண்ணியவான் எழுதினானோ! விடைத்தாளில் அடிப்பதுபோல் அடித்துத் தள்ளினேன். நிரல் இளைத்தது. தொப்பை எனக்குத்தான் அப்படியே இருக்கிறது.

மார்ச் 7
அரட்டையில் எங்களுக்குப் பாடம்தான் பெயர். நான் கணக்கு. இன்று இயற்பியல் எல்லாவற்றையும் இரண்டு தரம் சொன்னார். "சாப்டாச்சு." "சாப்டாச்சு." வரலாறு விடுவாரா? "ரெண்டு தரமா? செரிக்குமாய்யா?" நான் சும்மா இருந்தேனா? "இது வகுப்பில்ல இயற்பியல், ஒரு தரம் சொன்னாலே புரியும்." எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் அரட்டையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 10
இயற்பியல் வரவில்லை.

மார்ச் 13
இன்றும் இல்லை. மனைவி போன பிறகு அவர் வாய்விட்டுப் பேசுவது எங்களோடு மட்டும்தான். தொலைபேசியில் கூப்பிட்டேன். "கண்ணு வலிக்குதுய்யா" — வைத்துவிட்டார். கண்ணா? என் எழுத்துப்பிழை ஒன்றைக்கூட விடாத கண்ணாச்சே!

மார்ச் 14
நிரலில் செய்த பழைய திருத்தங்களின் பதிவைப் புரட்டினேன். அந்தத் துண்டை எழுதிய புண்ணியவான் — நானேதான். மூன்று வருடம் முன்பு. காரணம் எழுதும் இடத்தில், "சும்மா".

உடனே அன்று இயற்பியல் சொன்னது காதில் ஒலித்தது. "யோவ் கணக்கு, கை நடுங்குது. ஒரு தரம் அழுத்தினா ரெண்டு தரம் போகுது. யாருக்கும் தெரியாம ஏதாவது பண்ணேன்." பண்ணினேன். ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காத்தேன் — எனக்கே தெரியாத அளவுக்கு. இப்ப அந்தக் கையையே எல்லார் முன்னாலயும் கிண்டல் பண்ணியிருக்கேன். மட்டி! மட்டி! (இரண்டு தரம். தகும்.)

மார்ச் 15
துண்டைத் திரும்ப வைத்தேன். அரட்டையில் அறிவித்தேன்: "வரி இரண்டாக வந்தது என் கோளாறு. நிரலை நான்தான் கெடுத்தேன்." வரலாறு: "நீ ஃபெயில்." இயற்பியலைத் தொலைபேசியில் கூப்பிட்டும் சொன்னேன். "கோளாறு நிரல்லயா, உன் மண்டையிலயா?" என்றார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 17
மாலை, திரையில் இயற்பியல்: "வந்துட்டேன்." ஒரே ஒரு தரம். அப்பாடா என்று தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மறுபடி: "வந்துட்டேன்." நிரலைத் திறக்கப் பாய்ந்தேன். அதற்குள் அடுத்த வரி: "பயந்துட்டியா கணக்கு? இது வேணும்னே, கொஞ்சம் விட்டு அடிச்சது."

அந்தத் துண்டின் தலைமாட்டில் இப்போது ஒரு குறிப்பு இருக்கிறது: "ஒரு நண்பர் கேட்டதற்காக. இதை அழிக்கத் தோன்றினால், முதலில் ஒரே வரியை இரண்டு தரம் அனுப்பிப் பார்."