கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டை

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் பேசினால் அழுதுவிடுவேன் என்பதால் இதை உங்கள் யூனியன் நோட்டுக்குள் வைக்கிறேன்.

போன ஆட்சியில் மில்லைத் தனியாருக்குக் கொடுக்கப் பார்த்தபோது, போராட்டத்துக்கான சமர அட்டைகளை எழுதியது மூன்றாம் வகுப்பில் இருந்த நான்தான். இப்போது நம் கட்சி ஆள்கிறது. மில் தனியாருக்கே போகிறது. அம்மாவோடு சேர்த்து மில்லில் நாற்பது பேருக்கு வேலை இல்லை. அதனால் கட்டிலுக்கு அடியில் இருந்த அதே அட்டையை எடுத்துக்கொண்டு இன்று மில் வாசலுக்கு வந்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

யூனியன் செக்ரட்டரியான நீங்கள் அதை வாங்கி, எழுத்து வெளியே தெரியாதபடி சுவரோடு திருப்பி வைத்தீர்கள்.

"இது நம்ம சர்க்காராக்கும் மோளே. நமக்கு எதிரா நாமளே சமரம் செய்யவா?"

"செக்ரட்டரி நம்ம வாயைப் பூட்டிட்டாரு டீ" என்று அம்மாவோடு வேலை போன பூமாரி அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. மில்லைக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் யூனியனுக்காக நீங்கள் கையெழுத்திட்டதை அவள் நோட்டீஸ் போர்டில்தான் படித்தாள். அதற்கு முந்தைய நாள், கையெழுத்திட்டதைச் சொல்லாமல், நீங்கள் அவளுக்கு மீன் வாங்கி வந்தீர்கள்.

கோஷத்தில் முதல் வரியை நீங்கள் சொல்வீர்கள், நாங்கள் ஏற்றுச் சொல்வோம். நாளை காலை மில் வாசலில் அந்த முதல் வரியை நான் சொல்லப் போகிறேன். அம்மா ஏற்றுச் சொல்வாள். யூனியன் ஆபீஸ் ஜன்னலைச் சாத்தினாலும் உங்களுக்குக் கேட்கும்.

இப்படிக்கு,
அட்டை எழுதிய உங்கள் மகள்