மாதிரி வீடு

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அங்கே எல்லாரும் நலம்தானே? சின்னவளுக்கு இருமல் விட்டதா?

உன் கம்பெனியின் வீடு விற்கும் வெப்சைட்டுக்கு வாசகம் எழுதும் வேலையை எனக்கு வாங்கித் தந்தாய். அதற்கான கருவியை நிறுவ நீ அனுப்பிய பன்னிரண்டு கட்டளைகளையும் என் லேப்டாப்பில் ஒவ்வொன்றாக அடித்தேன். மூன்றாவதிலேயே முரண்டு பிடித்தது. பழைய பதிப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிய பிறகுதான் முன்னோட்டக் கருவி திறந்தது. இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் வெள்ளையில் ஒற்றைப் பொத்தான். முழு சைட்டும் தயாராகும்வரை காத்திராமல் பக்கத்தின் ஒவ்வொரு துண்டையும் தனியே பார்க்க முடிவது நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு வீட்டின் விவரத்தைக் காட்டும் 'வீட்டு அட்டை' என்ற துண்டைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. மூன்று அறை, மாடிப்படிக்குக் கீழே சின்னக் கிடங்கு, பின்வாசலில் இரட்டைத் தாழ்ப்பாள். அது அப்பாவின் வீடு. மேலே சிவப்புப் பட்டையில் 'விற்றாயிற்று'.

இதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்றால், கம்பெனி மெயிலை யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. என்ன இது?

அக்கா

மார்ச் 9

அன்பு அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. கடிதத்தைப் பார்த்துச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதே. முன்னோட்டத்தில் காட்ட மாதிரித் தகவல் ஏதாவது வேண்டும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே வீடு அது, எழுதிவிட்டேன். அட்டைக்கு நான்கு நிலைகள்: புதிது, விற்பனைக்கு, பேச்சில், விற்றாயிற்று. பட்டியலில் அடுத்தடுத்துச் சொடுக்கிப் பார், பட்டையின் நிறம் மாறும். அவ்வளவுதான்.

'விற்றாயிற்று' சரியா, 'விற்கப்பட்டது' சரியா? அதைச் சொல். அதற்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

'விற்றாயிற்று' போதும்.

நான்கு நிலையையும் பார்த்தேன். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றையும் பார்த்தேன். அதைப் பார்க்கக் கற்றுத் தந்தவன் நீதான். பிப்ரவரி இருபதாம் தேதி பரப்பளவைத் திருத்தியிருக்கிறாய். 1180 சதுர அடி 1212 ஆகியிருக்கிறது. மாதிரிக்கு எழுதியதை யாராவது திருத்துவார்களா? சரியான அளவு பத்திரத்தில்தான் இருக்கிறது. பிப்ரவரியில் அப்பா உன் வீட்டில் இரண்டு வாரம் இருந்தார்.

நேற்று அவரிடம் கேட்டேன். காது கேட்காதவர் மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். உன் மனைவிக்குப் போன் செய்தால் "அவர்கிட்டயே கேளுங்க அண்ணி" என்கிறாள். எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீர்கள். அப்பாவை எதிலாவது கையெழுத்துப் போட வைத்தாயா? நேராகச் சொல்.

அக்கா

மார்ச் 21

அக்கா,

அளவைத் திருத்தச் சொன்னது அப்பா. நான் வேலை செய்யும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டுடா, தப்பா போட்டிருக்கே" என்றார். மாற்றினேன். விற்றுவிட்டால் எப்படிக் காட்டும் என்று கேட்டார். சொடுக்கினேன். சிவப்புப் பட்டை வந்தது. வேறு நிலைக்கு மாற்ற விடாமல் "கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

பிறகுதான் சொன்னார். மாடிப்படி ஏற முடியவில்லையாம். இரண்டு முறை விழப் பார்த்தாராம். வீட்டை விற்றுவிட்டுத் தரைத்தளத்தில் சின்னதாக ஒன்று போதுமாம். ஏன் அக்காவிடம் பேசவில்லை என்றேன். "பத்திரம் அவகிட்ட இருக்கு. பேச்சை எடுத்தா, அதைத்தான் கேக்கறேன்னு நினைப்பா" என்றார்.

போன ஜூனிலேயே பீரோவில் பத்திரம் இல்லாததைப் பார்த்திருக்கிறார். சாவி உங்கள் இருவரிடம் மட்டும்தான். உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், இதோ மீறிவிட்டேன். நான் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. நீ ஏன் எடுத்தாய்?

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நான்தான் எடுத்தேன். போன ஜூனில் நீ வந்து போன மறுவாரம். பீரோ பக்கம் நீ நின்றதைப் பார்த்தேன். பத்திரத்தை நீ எடுத்துவிடுவாய் என்று நினைக்க எனக்கு அது போதுமாயிருந்தது. ஒன்பது மாதம் என் துணி அலமாரியில், போர்வைக்கு அடியில் வைத்திருந்தேன்.

நேற்று கொண்டுபோய் அப்பாவின் மேசையில் வைத்தேன். அவர் பிரித்துப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்துட்டிருப்பே. அப்புறம் வெட்கப்பட்டுக்கிட்டு இந்தப் பக்கம் வராம இருந்திருப்பே."

அவர் பாட்டுக்கு, பார்த்து வைத்திருக்கும் மூன்று தரைத்தள வீடுகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒன்றில் சமையலறை இருட்டாம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பார்க்கப் போகிறோம்.

உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை மூன்று தாளில் எழுதிக் கிழித்தேன். வாசகம் எழுதிப் பிழைப்பவளுக்கு அது வரவில்லை. முதல் வீட்டைக் காலை பத்து மணிக்குக் காட்டுகிறார்கள். முடிந்தால் நீயும் வா.

உன் அக்கா