வருவது பொன்ராஜ்தான்

திருவான்மியூர்,
27 அக்டோபர் 1974

அன்பு மகன் பிலிப்புக்கு அம்மா ஃப்ளோரன்ஸ் ஆசீர்வாதம் சொல்லி எழுதச் சொல்வது. மாதா புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் உன் தங்கை கிளாடிஸும் சுகம், நீயும் சுகம் என்று நாங்களாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம், நீ எழுதினால்தானே தெரியும். (அண்ணா, எழுதுவது நான். அம்மாவுக்குப் படிக்க வராது என்ற தைரியத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. முகவரி என்று ஒன்று வைத்திருக்கிறாயே, அதில் முகமும் இல்லை, வரியும் இல்லை.) ஈஸ்டருக்குப் பினாங்கிலிருந்து எழுதியதுதான் கடைசி. உன் கம்பெனி ஆபீசில் அப்பா போய்க் கேட்டால் கப்பல் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்கிறார்களாம், நான் என்ன கப்பலையா பெற்றேன்.

உன் வீட்டுச் சமாச்சாரம் கேள். ஊர் ஊராகச் சுற்றிப் பிழைக்கிறவனுக்குச் சட்டை மாட்ட ஒரு ஆணி, பெட்டி வைக்க ஒரு மூலை, திரும்பி வந்தால் ஒரு வாய் சோறு, இவ்வளவும் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருந்தால் அதுதான் வீடு என்று சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மணல்காட்டில் இதைப் பிடித்து, எங்களையும் மயிலாப்பூரிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தவன் நீ. லாரி ஓட்டுகிற ஷரீஃப், நாடகக் கம்பெனி ஜெயபாரதி, மருந்து விற்கப் போகிற சுப்புராயன், சர்க்கஸுக்கு லைட் போடுகிற பொன்ராஜ் என்று நாலு பேரைச் சேர்த்துவிட்டுக் கப்பலேறிவிட்டாய். பொன்ராஜ் ஜூலையில் விஜயவாடாவில் காய்ச்சலில் போய்விட்டான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். அவனுக்கென்று ஒருவரும் இல்லை, பெட்டி இங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் யாரோ வாசற்படிக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மணல் போக இரண்டு தட்டுத் தட்டுகிறார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் இல்லை, படியில் கொஞ்சம் மணல் மட்டும். (முதலில் என்னைத்தான் பிடித்தார்கள். சுப்புராயன் அண்ணனின் மருந்துப் பையில் தவளை வைத்தது நான், அப்பாவின் மூக்குக்கண்ணாடியில் சுண்ணாம்பு தடவியது நான், இது நானில்லை. அடுத்த தடவை சத்தம் கேட்டபோது ஷரீஃப் அண்ணன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தார், அவரே சாட்சி.) அப்பா எலி என்கிறார். (எலிக்கு ஏது செருப்பு?) ஆவி என்றால் பரிசுத்த ஆவி ஒன்றுதான், மற்றதெல்லாம் அஞ்ஞானம் என்று பிரசங்கம் வேறு. (இட்லிப் பானையில் வருகிற ஆவியை மறந்துவிட்டார்.)

சுப்புராயன் ஆணியிலிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு தி.நகரில் ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டான். ஜெயபாரதியோ, மேடையில எத்தன பேய் வேஷம் வேணும்னாலும் கட்றேம்மா, நெசப் பேயோட குடித்தனம் பண்ணச் சொல்லாதீங்க என்று மூட்டை கட்டுகிறாள். (நாடோடிகளுக்கு வீடு பிடித்தாய், இப்போது எல்லாரும் வீடோடிகள்.) ஷரீஃப் மட்டும் கோபமாக, இன்னா நாயம்மா இது, செத்தவனுக்கு ஒரு ரூமு, உசுரோட கீறவன் லாரில படுக்கணுமா, பெட்டிய ஏத்திக்கினு போய் கடலாண்ட வுட்டுர்றேன் என்கிறான். பெட்டி இருந்தால் இவர்கள் இருக்க மாட்டார்கள், இவர்கள் போய்விட்டால் நீ ஆரம்பித்த வீடு கலைந்துவிடும், தெரிகிறது. ஆனாலும் பெட்டியைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருக்கிறவரைக்கும்தான் உன் வீடு என்று சொல்லியா அவனைச் சேர்த்தோம்? ஊரெல்லாம் அலைந்தவனுக்கு இருந்த இடம் இது ஒன்றுதான், வேறு எங்கே போவான் அவன். வீட்டுக்குள் மண் வரக்கூடாது என்று தட்டிவிட்டு வருகிறவன் கெடுதல் செய்ய வருகிறவனா?

அவர்களிடம் இப்படித் தைரியமாகத்தான் பேசுகிறேன் பிலிப்பு. சத்தம் கேட்டதும், வாடா பொன்ராஜ் என்று கூப்பிடுகிறேன். வேறு பெயர் எதுவும் வாயில் வந்துவிடக் கூடாது என்று பிறகு பல்லைக் கடித்துக்கொள்கிறேன். உன் கையெழுத்தில் ஒரு வரி வந்துவிட்டால் போதும், வருகிறவன் பொன்ராஜ்தான் என்று கதவைத் திறந்து வைத்துவிட்டு நான் பாட்டுக்குச் சமையலைப் பார்ப்பேன். இறந்தவர்களுக்காக வைக்கிற கல்லறைத் திருநாள் பூசைக்குப் பொன்ராஜ் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு பெயர் போதும். மழையில் மேல்தட்டில் நிற்காதே, தலைக்கு எண்ணெய் வை, கழுத்தில் போட்ட மாதா சுரூபத்தைக் கழற்றாதே. மாதா உன் தலைமேல் கை வைத்தபடி எல்லாக் கடலும் தாண்டி வரட்டும். பதில் போட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா ஃப்ளோரன்ஸ்

அண்ணா, கடிதத்தை ஒட்டுகிற மடிப்பில் கொஞ்சம் இடம் இருக்கிறது. இதில் கிண்டல் இல்லை. பொன்ராஜ் அண்ணன் செருப்பே போட்டதில்லை. கரண்ட் வேலை என்று எப்போதும் ரப்பர் ஷூதான், அதையும் பின்பக்கம்தான் கழற்றுவார். கழற்ற வைத்ததே அம்மாதான், நாற்றம் தாங்கவில்லை என்று. அதனால் அம்மாவுக்கு இது தெரியாமல் இருக்காது. வாசற்படியில் செருப்பை இரண்டு தட்டுத் தட்டுவது நம் வீட்டில் யார் வழக்கம் என்று உனக்குத் தெரியும். எழுது அண்ணா. என்னைத் திட்டியாவது எழுது.