யானையிலும் பங்கு

அத்தான்,

இன்று காலை ஐந்தருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் மங்குஸ்தான் வாங்கப் போனேன். பழக்காரர் நம் பத்திரிகையின் பழைய தாள் ஒன்றைக் கிழித்துப் பொதிந்து தந்தார். பொட்டலத்தின் வெளிப்பக்கத்தில், ஏதோ ஒரு செய்தியின் அடியில், சின்ன எழுத்தில் அந்த வரி: ‘இந்நிறுவனத்தில் இப்பத்திரிகையை நடத்தும் குடும்பத்துக்குப் பங்கு உண்டு.’ சாரலில் மை கலங்கியிருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

உங்களை நினைக்க இதைவிட மோசமான வேளை எனக்கு வாய்த்திருக்காது. மழைக்கு ஒதுங்கிக் காருக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து இருக்கையில் போன் கிடக்கிறது. அது ஒலித்தால், கோயம்புத்தூர்க்காரர்கள் நம் எலுமிச்சைக் கிடங்கில் பணம் போடுகிறார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான். போன ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பதற்காகச் சலுகை எதுவும் கிடையாது.

சென்னையில் பிறர் பணத்தை நிர்வகித்துக்கொண்டு சௌகரியமாக இருந்தேன். குடும்பப் பணத்தைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் வேண்டும் என்று அக்காவை அழவைத்து என்னைத் தென்காசிக்கு வரவழைத்தீர்கள். வந்தவனுக்கு அச்சு இயந்திரத்தின் பின்சுவரை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதை நான் மறக்கவில்லை. பங்குச் சந்தை பற்றி நான் தயாரித்து வந்த திட்டத்தைப் பொறுமையாகக் கேட்டீர்கள்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ளே. இந்தக் கம்பெனியெல்லாம் எங்கன இருக்கு?”

மும்பை என்றேன்.

“காலையில போய்ப் பாத்துட்டு, சாயங்காலம் பக்கம் பாக்க வந்துர முடியுமா?”

அத்தோடு என் திட்டம் முடிந்தது. மறுநாள் பத்திரிகைக்கான பக்கங்களை ஒரு நாளும் நீங்கள் பார்க்காமல் அனுப்பியதில்லை. அதனால் குடும்பத்தின் சொத்தும் அந்தத் தூரத்துக்குள்தான் வளர்ந்தது: புளியங்குடியில் எலுமிச்சைக்குக் குளிர்பதனக் கிடங்கு, வடகரையில் தென்னந்தோப்பு, சுரண்டைப் பக்கம் காற்றாலை. காற்றாலை உங்கள் செல்லம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பீர்கள். பத்திரிகை சம்பாதிக்காத காலம் ஒன்று வரும், அப்போது இவையெல்லாம் அதற்குச் சோறு போடும் என்பீர்கள். அந்தக் காலம் வந்துவிட்டது. அதைச் சரியாகச் சொன்னதற்காகவும் உங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

பிறகு அந்த வரி. நாம் பணம் போட்ட இடத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் அதை அடியில் போட்டாக வேண்டும். வடகரைத் தோப்பில் யானை புகுந்து தென்னைகளைச் சாய்த்த செய்திக்கும் போட்டீர்கள். மறுநாள் பேருந்து நிலையத்து டீக்கடையில் நம்மைக் கண்டதும் ஒருவர் சத்தமாகச் சொன்னார்: “ஏலே, அண்ணாச்சிக்கு யானையிலயும் பங்கு இருக்காம்லா!”

கடையே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. நீங்களோ டீயை ஆற்றிக்கொண்டே, “பாகனுக்குச் சம்பளம் கட்டுபடியாகலவே, அதான் அவுத்து விட்டுட்டேன்” என்றீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். குற்றாலம் விடுதி விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை. அது நான் தேடிப்பிடித்த முதலீடு. நம் பங்கை நல்ல விலைக்கு வாங்க மதுரைக்காரர் ஒருவர் வந்தார். கையெழுத்துக்கு நாள் குறித்த வாரத்திலா, விடுதியின் கழிவுநீர் ஓடையில் கலக்கிறது என்று நிருபர் செய்தி கொண்டுவர வேண்டும்?

“ஒரு வாரம் தள்ளிப் போடுங்க அத்தான்” என்று கெஞ்சினேன்.

“தண்ணி ஒரு வாரம் தள்ளி ஓடுமா மாப்ளே?”

முதல் பக்கத்தில், படத்தோடு, அந்த வரியோடு வந்தது. மதுரைக்காரர் போனவர் போனவர்தான். அந்த சீசன் முழுக்க நான் உங்களோடு பேசவில்லை. சாப்பிட உட்கார்ந்தால், “அவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளுக்கா” என்று அக்கா மூலமாகத்தான் பேச்சு. நீங்களும் விடவில்லை. “ஏட்டி, அந்த ஓடை முதலாளிக்கு ரெண்டு அப்பளம் கூட வையி.” அக்கா சிரித்துச் சிரித்துக் கரண்டியைக் கீழே போட்டாள்.

நீங்கள் போனபிறகு பக்கம் பார்ப்பதும் என் தலையில்தான். நேற்று மதியம் நிருபர் செல்வி என் அறைக்கு வந்தார். புளியங்குடிக் கிடங்கில் குளிரூட்டும் அமோனியா வாயு கசிந்து, எலுமிச்சை பிரிக்கும் பெண்கள் இருவர் மயங்கி விழுந்திருக்கிறார்கள். மேலாளர் அவர்களை ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வால்வில் துணியைச் சுற்றி வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இருவரும் தேறிவிட்டார்கள். உள்ளே இருந்த மற்றவர்களை உடனே வெளியேற்றச் சொல்லி மேலாளரிடம் போனில் கத்தினேன். அது சுலபமாக இருந்தது. செய்தியைப் போடுவது அப்படியில்லை. கோயம்புத்தூர்ப் பணம் வந்தால் பத்திரிகை ஆட்களின் சம்பளத்துக்குக் கொஞ்ச காலம் கவலையில்லை.

உங்கள் தம்பி ஓடி வந்தார். “மச்சான், வால்வை இன்னைக்கே மாத்திருவோம். செய்திய மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடும்.”

நான் உங்களிடம் கெஞ்சியது அப்படியே திரும்பி வந்தது.

“அந்தப் பொம்பளைங்க ஒரு வாரம் மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாங்களா? இதே மாதிரி வேற கிடங்குல துணி சுத்தி வச்சிருந்தா?”

“அண்ணன் மாதிரியே பேசுதீரு” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் செய்தியைப் போடச் சொல்லிச் செல்வியை அனுப்பினேன்.

சாயங்காலம் பக்கம் பார்த்தபோது அந்த வரி இல்லை. “இடம் பத்தல சார். நம்ம கிடங்குன்னு ஊருக்கே தெரியும்லா” என்றார் செல்வி. செய்தியில் இரண்டு வாக்கியங்களைக் குறைத்து, வரியை நானே சேர்த்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் ஒலித்துவிட்டது, அத்தான். இந்த வருஷம் வேண்டாம் என்கிறார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

உடனே உங்கள் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“போச்சா? இனி சம்பளத்துக்கு என்ன செய்ய?”

“காத்தாலைப் பங்கை வித்துருவோம்.”

“அண்ணன் இருந்தா அழுதிருப்பான் மச்சான்.”

“அழட்டும். விடுதிக்கு நான் அழலையா?”

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதற்குள் பழக்காரர் மீதிச் சில்லறையைக் கொடுக்க மழையில் வந்து கண்ணாடியைத் தட்டினார். இன்றைய பத்திரிகையைப் படித்திருக்கிறார். “என்ன அண்ணாச்சி, அமோனியாவுலயும் பங்கா?”

“ஆமாவே. யானைய வித்து வாங்கினது” என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. முகம் எரியவில்லை.

விடுதி விஷயத்தில் உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. ஜன்னல் இல்லாத அறையையும்தான். மங்குஸ்தான் நல்ல இனிப்பு. அக்காவுக்குப் பாதியை எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது புளியங்குடிக்குக் கிளம்புகிறேன். மாற்றிய வால்வை என் கண்ணால் பார்க்க வேண்டும், அந்தப் பெண்கள் இருவரையும் பார்க்க வேண்டும். சாயங்காலம் பக்கம் பார்க்க வந்துவிடுவேன்.

உங்கள் மாப்பிள்ளை